கரை இறங்காத துரை

ஆஷ்மியர் பிரபு ஆளுநராக வந்த கப்பல் கருங்காலிப்பட்டணத்துக்கு எதிரே நங்கூரம் போட்ட அன்று கோட்டையில் பத்தொன்பது பீரங்கி வெடித்தார்கள், கடற்கரையில் பந்தல் போட்டு வாழை கட்டி மேளக்காரர்களை வெயிலில் நிறுத்தி வைத்தார்கள், படகோட்டிகளுக்குத் தலைவனான தண்டல் தேசப்பன் அலை கடக்கும் தன் மசுலாப் படகைக் கழுவிச் சிவப்புத் துணி விரித்துப் பன்னிரண்டு துடுப்புக்காரர்களோடு போய்ப் பிரபுவைக் கப்பலிலிருந்து இறக்கி உட்காரவைத்துக்கொண்டு கரையைப் பார்த்துத் துடுப்புப் போட்டான், காலையிலிருந்து மத்தியானம் வரை போட்டான், கரை வரவில்லை.

அலை ஒன்றும் பெரிதாக இல்லை. காற்றும் கடலிலிருந்து கரைப்பக்கமாகத்தான் அடித்தது. படகு ஓடத்தான் செய்தது, நுரை பின்னால் போகத்தான் செய்தது, ஆனால் பந்தலும் கொடிமரமும் கோட்டைச் சுவரும் முதலில் எந்த அளவில் தெரிந்தனவோ அதே அளவிலேயே தெரிந்துகொண்டிருந்தன. உச்சி சாய்ந்த பிறகு தேசப்பன் படகைத் திருப்பினான். பத்தாவது துடுப்பில் கப்பல் பக்கத்தில் வந்துவிட்டது. பிரபுவை மேலே ஏற்றிவிட்டு வெறும் படகோடு கிளம்பியவன் ஒன்றரை நாழிகையில் மணலில் வந்து முட்டினான்.

பந்தலில் காத்திருந்த அதிகாரிகளிடம் அவன் சொன்னது இவ்வளவுதான்: "தொரை ஏறினா கரை வரலை. எறக்கி விட்டா வருது."

கோட்டையின் துபாஷியான சொக்கப்ப முதலி அதை அப்படியே இங்கிலீஷில் மாற்றிச் சொன்னார். அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேளக்காரர்களுக்கு மோர் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மறுநாளும் முயன்றார்கள், அதற்கு மறுநாளும் முயன்றார்கள். கட்டுமரத்தில் ஏற்றிப் பார்த்தார்கள், கப்பலையே வடக்கே பத்துக் காதம் கொண்டுபோய் வேறொரு துறையில் இறக்கிப் பார்த்தார்கள், தெற்கே கொண்டுபோய்ப் பார்த்தார்கள், கரை அறியாமல் இருக்கட்டும் என்று பிரபுவை அரிசிப் பீப்பாயில் உட்காரவைத்து மூடிக்கூடப் பார்த்தார்கள். இருபத்தொரு தடவைக்குப் பிறகு பிரபு, "போதும்," என்றார்.

அவர் தடைபட்டு நின்று பழகிய ஆள் அல்லர். சீமையில் நூற்றுப் பதினேழு சன்னல் வைத்த மாளிகையில் இரண்டாவது பிள்ளையாகப் பிறந்தவர். இரண்டாவது பிள்ளை என்பதால் பாதிரியாக்குவது என்று வைத்திருந்தார்கள். மூத்தவன் வேலி தாண்டும்போது குதிரையிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து செத்ததால் பட்டமும் நிலமும் இவர் பக்கம் திரும்பின. இருபத்திரண்டாம் வயதில் பதின்மூன்றே பேருக்கு ஓட்டு இருந்த ஓர் ஊருக்காகச் சபைக்குப் போனார், அந்தப் பதின்மூன்று பேரும் அவருடைய தகப்பனாரின் குடியானவர்கள். தகப்பனார் போனபின் பிரபுக்கள் சபையில் உட்கார்ந்தார். அங்கே ஒரு நாள், கடல் கடந்த நாடுகளில் கண்ணால் காணாத சனங்களை ஆள்வது எவ்வளவு பெரிய பொறுப்பு என்று மூன்று மணி நேரம் பேசினார். கேட்டவர்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். அந்தப் பேச்சால் மந்திரியானார், இரண்டு வருஷம் மந்திரியாக இருந்தார், ஒரு ஓட்டைத் தவறான பக்கம் போட்டு அரசரின் முகம் சுளிக்கப் பதவி இழந்தார். இவ்வளவு நன்றாகப் பேசுகிறவரை ஊரில் வைத்திருப்பது ஆபத்து என்று அவரை இந்தக் கரைக்கு ஆளுநராக அனுப்பினார்கள். மனைவி கூட வர மறுத்துவிட்டாள். இங்கே வந்து சேர்ந்தபோது அவருக்கு நாற்பத்தாறு வயது.

கரை ஏன் வரவில்லை என்று பட்டணத்தில் கொஞ்ச நாள் பேசினார்கள். எல்லையம்மன் தடுக்கிறாள் என்றார்கள் சிலர், அவள் இதுவரை எந்தத் துரையைத் தடுத்தாள் என்று கேட்டார்கள் மற்றவர்கள். கோட்டைப் பாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதைப் பற்றிப் பிரசங்கம் செய்தார், யாருக்கும் விளங்கவில்லை. பிறகு நண்டுக்காலம் வந்தது, பேச்சு நண்டுக்குப் போய்விட்டது.

ஊர் என்பது எதையும் ஏற்றுக்கொள்ளும். செவ்வாய்க்கிழமை தோறும் நாவிதர் படகில் போய் அவருக்குச் சவரம் செய்து வந்தார். கீரைக்காரி, தயிர்க்காரி, வண்ணார் எல்லாருக்கும் கப்பல் ஒரு தெருக்கோடி வீடு போல ஆகிவிட்டது. அசையாமல் நிற்கிற கப்பலின் அடியில் பாசி பிடித்து மீன் கூடியதால் வலைக்காரர்களுக்கு நல்ல மீன்பாடு கிடைத்தது. அவர்கள், துரை எப்போதும் அங்கேயே இருக்கட்டும் என்று எல்லையம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். நடக்காத காரியத்துக்கு, "கடல்தொரை கரை எறங்கற அன்னிக்கு," என்று சொல்லும் வழக்கம் வந்தது. கல்யாணத்துக்குப் பெண் கேட்டு வந்தவர்களைத் தட்டிக்கழிக்கக்கூட அது உதவியது.

எல்லாரையும்விடக் கோட்டைக்காரர்களுக்குத்தான் வசதி. ஆளுநருக்கு அடுத்தவரான கிராப்ட்ரீ துரை செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு கட்டுக் காகிதம் அனுப்புவார், மாலைக்குள் கையெழுத்தோடு திரும்பிவிடும். முதல் வருஷம் பிரபு ஒவ்வொன்றையும் படித்தார், கேள்வி கேட்டார். கேள்விக்குப் பதில் வர ஒரு வாரம் ஆகும், வரும் பதில் வேறொரு கேள்விக்கானதாக இருக்கும். தன் நிலைமையை ஒளிக்காமல் சீமைக்கு எழுதினார். பதினாறு மாதம் கழித்து வந்த பதிலில், பிரபு அவர்கள் கரை இறங்கிவிட்டதாக இங்கே ஏற்கெனவே பதிவாகியிருப்பதால் அந்தப் பதிவை மாற்ற விதியில் இடமில்லை என்று இருந்தது. அதற்குப் பிறகு அவர் காகிதங்களைப் படிப்பதைக் குறைத்துக்கொண்டார். காலையில் கப்பலின் மேல்தட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தூரக்கண்ணாடியால் கரையைப் பார்ப்பார். அடுப்புப் புகை எது, சூளைப் புகை எது, சுடுகாட்டுப் புகை எது என்று அவருக்குப் பிரித்துச் சொல்லத் தெரிந்தது. தேசப்பனிடமும் தயிர்க்காரியிடமும் பேசிப்பேசிக் கொஞ்சம் தமிழும் வந்தது.

மூன்றாம் வருஷம் மழை இல்லை. முதலில் அடுப்புப் புகை குறைந்தது, பிறகு சுடுகாட்டுப் புகை கூடியது. பிரபு கப்பலில் இருந்த அரிசியை எல்லாம் கரைக்கு அனுப்பினார். அதைக் கோட்டைக் களஞ்சியத்தில் வாங்கி வைத்துப் பூட்டினார்கள்.

பட்டணத்துக்கு மேற்கே இரண்டு காதத்தில் பெரிய ஏரி ஒன்று இருந்தது. அதில் மிச்சமிருந்த தண்ணீர் கோட்டைக் குதிரைகளுக்கு வேண்டும் என்று கிராப்ட்ரீ துரை மதகை மூடி முத்திரை வைத்துக் காவல் போட்டார். மதகுக்காரன் வேலாயுதம் பதினெட்டு நாள் பொறுத்தான். பத்தொன்பதாம் நாள் பட்டப்பகலில், ஊரே பார்த்து நிற்க, முத்திரையை உடைத்து மதகைத் திறந்து நாற்றுக்குத் தண்ணீர் விட்டான். காவல்காரர்கள் அவனைப் பிடித்தார்கள். கோட்டையில் அவனுக்குத் தூக்கு என்று தீர்ப்பாயிற்று. தூக்குக்கு ஆளுநரின் கையெழுத்து வேண்டும், அதுவும் செவ்வாய்க்கிழமைக் காகிதக் கட்டோடு போய்த் திரும்பி வந்தது.

வியாழக்கிழமை காலை வேலாயுதத்தின் மனைவி செங்கமலம் கடற்கரைக்கு வந்து தேசப்பனிடம், "என்னைத் தொரைகிட்டே கொண்டுபோய் விடுங்கண்ணே," என்றாள். தேசப்பன் போய்ச் சொக்கப்ப முதலியை அழைத்து வந்தான். முதலிக்கு அன்று கோட்டையில் வேலை இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகில் ஏறினார்.

கப்பல் தட்டில் செங்கமலம் காலில் விழவில்லை, தட்டு ஆடிக்கொண்டிருந்ததால் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லும்மா. நான் சுருக்கி எடுத்துச் சொல்றேன்," என்றார் முதலி. இருபது வருஷமாக அவர் பிழைப்பே அந்தச் சுருக்கத்தில்தான் இருந்தது.

"சுருக்காதீங்க சாமி. நான் எத்தனை வார்த்தை சொல்றேனோ அத்தனையும் சொல்லுங்க."

அவள் சொன்னாள்: "எங்க ஏரி மதகை மூடிட்டாங்க. நாத்து கருகுது. எங்க வீட்டுக்காரர் மதகுக்காரர், அவங்க அப்பாவுக்கும் அதான் வேலை. தண்ணியைத் தொறந்து விடத்தான் அவருக்குத் தெரியும். மூடி வச்சிக்கினு பாத்துக்கினு இருக்கத் தெரியாது. ஒரு நாழிகைதான் தொறந்தாரு. இன்னிக்குப் பொழுது சாயக்குள்ள கடற்கரையில தூக்குல போடப் போறாங்க. உங்க கையெழுத்து இருக்குதுன்றாங்க."

முதலி ஒரு வார்த்தைகூட விடாமல் சொன்னார். பிரபு எழுத்தரைக் கூப்பிட்டுச் செவ்வாய்க்கிழமைப் பட்டியலைக் கொண்டுவரச் சொன்னார். முப்பத்தெட்டுக் காகிதங்கள். கயிறு வாங்குவதற்கான அனுமதிக்கும் சுண்ணாம்புச் சூளைக்கான அனுமதிக்கும் நடுவில் வேலாயுதத்தின் பெயர் இருந்தது.

"நான் அதைப் படிக்கவில்லை என்று அவளிடம் சொல்லுங்கள்," என்றார்.

முதலி தயங்கினார். "அதைச் சொல்லத்தான் வேண்டுமா, பிரபுவே?"

"சொல்லுங்கள்."

செங்கமலம் கேட்டுவிட்டு, "படிக்காம எப்படிக் கையெழுத்துப் போடுவாங்க?" என்று முதலியைத்தான் கேட்டாள். முதலி அதையும் மொழிபெயர்த்தார். பிரபு எழுத்தரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்து, வேலாயுதம் என்ற இந்த மனிதனை நான் மன்னிக்கிறேன், இவனை உடனே விடுதலை செய்யவேண்டும், மதகைத் திறக்கவேண்டும் என்று தன் கையால் எழுதி அடியில் அரக்கு முத்திரை வைத்து அவள் கையில் கொடுத்தார். கொடுத்த பிறகும் அவருக்கு நிலைகொள்ளவில்லை. கிராப்ட்ரீ காகிதத்தை மதிக்காமல் போனால் என்ன செய்வது, நானே வருகிறேன் என்று சொல்லி, நூலேணியில் ஒரு காலை வைத்தார்.

கீழே படகில் நின்ற தேசப்பன் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "தொரை வேணாம். தொரை ஏறினா படகு சேராது," என்றான்.

மூன்று வருஷத் தமிழில் அது அவருக்கு விளங்கிவிட்டது. காலை மேலே எடுத்துக்கொண்டார்.

செங்கமலமும் முதலியும் படகில் இறங்கியபோது உச்சிக்கு இன்னும் நேரம் இருந்தது. ஒன்றரை நாழிகைப் பாதை. துடுப்புக்காரர்கள் பாட்டுக்கூடப் பாடாமல் மூச்சை மிச்சம் பிடித்துப் போட்டார்கள். இரண்டு நாழிகை போயிற்று, நான்கு நாழிகை போயிற்று. கரை அங்கேயே இருந்தது. தேசப்பன் ஆட்களைத் திட்டினான், பிறகு தானே ஒரு துடுப்பை வாங்கிப் போட்டான், கைத்தோல் உரிந்தது. வெயில் தலைக்கு மேல் வந்து மேற்கே இறங்கத் தொடங்கியபோது அவன் துடுப்பை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, "அன்னிக்கு மாதிரியே இருக்குது," என்றான்.

"அவருதான் படகுல இல்லையே. அப்புறம் ஏன்?" என்றாள் செங்கமலம்.

சொக்கப்ப முதலி அவள் மடியில் இருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இத்தனை வருஷமா கரைக்குப் போன காகிதமெல்லாம் கோட்டையில எழுதினது. அவர் பேரை மட்டும்தான் போட்டார். இது ஒண்ணுதான் அவரே நினைச்சு அவரே எழுதினது."

கரையில் கூட்டம் சேருவது தெரிந்தது. கம்பம் நட்டிருந்தார்கள். கோட்டை வாசலிலிருந்து வெள்ளையாக ஓர் உருவத்தைக் கொண்டுவந்தார்கள், அரிசி மணி அளவுதான் இருந்தது, ஆனால் நடக்கும்போது இடது தோளைச் சாய்த்து நடந்தது. மதகுக் கட்டையைத் தூக்கித் தூக்கிச் சாய்ந்த தோள் அது.

"இதைத் தண்ணியில போட்டுட்டா கரை வருமா?" என்று கேட்டாள் செங்கமலம்.

"வரும்னு நினைக்கிறேன்," என்றார் முதலி. "நான் அதைப் படிச்சிருக்கேன்மா, ஒரு எழுத்து விடாம மனசுல இருக்கு. போனதும் வாயால சொல்றேன்."

"போடலைன்னா?"

தேசப்பன் சொன்னான்: "இங்கேயிருந்து பாக்கலாம், தங்கச்சி."

அவள் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அதில் எழுதியிருந்த எதுவும் அவளுக்குத் தெரியாது, தன் புருஷன் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்றுமட்டும் கேட்டாள். முதலி விரலால் காட்டினார். அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு படகின் விளிம்புக்கு வெளியே கையை நீட்டிக் காகிதத்தைத் தண்ணீரில் விட்டாள். அரக்குக் கனத்தில் அது உடனே முழுகியது. பத்தாவது துடுப்பில் படகு மணலில் ஏறியது.

இதையெல்லாம் பிரபு தூரக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார், காகிதம் தண்ணீரில் விழுந்தது மட்டும் அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. நாளெல்லாம் நகராமல் நின்ற படகு சட்டென்று பாய்ந்து கரை சேர்ந்ததைக் கண்டதும் கண்ணாடியை இறக்கி, பக்கத்தில் நின்ற மாலுமியின் கையைப் பிடித்துக்கொண்டு, "சேர்ந்துவிட்டது. என் காகிதம் சேர்ந்துவிட்டது," என்றார். மாலுமிகள் தொப்பியைக் கழற்றினார்கள். கப்பல் தலைவர் ஒயின் கொண்டுவரச் சொன்னார்.

கரையில் சொக்கப்ப முதலி மூச்சிரைக்க ஓடிப்போய், மன்னிப்புக் காகிதத்தில் இருந்ததைத் தேதியிலிருந்து முத்திரை வரைக்கும் ஒப்பித்தார். கிராப்ட்ரீ துரை குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார்.

"முதலியாரே, நான் உங்களை நம்புகிறேன்," என்றார். "பிரபு எழுதியிருப்பார். நீங்கள் பொய் சொல்கிறவர் அல்ல. ஆனால் என் கைக்கு வந்து சேர்ந்த காகிதம் இதுதான்." பையிலிருந்து தூக்கு உத்தரவை எடுத்துக் காட்டினார். கையெழுத்து தெளிவாக இருந்தது.

செங்கமலத்தைக் கம்பத்தின் அருகே போக விட்டார்கள். வேலாயுதத்தின் கை பின்னால் கட்டியிருந்தது. அவன் அவளுடைய நனைந்த சேலையைப் பார்த்தான், எங்கே போய் வருகிறாள் என்று கேட்கவில்லை.

"நாத்து?" என்றான்.

"நிக்குது."

"மேலக் கழனிக்குப் பாஞ்சுதா?"

"பாஞ்சுது."

"கீழ?"

"பாதிக்குப் பாஞ்சுது."

அவன் தலையை ஆட்டினான். "மதகுல ரெண்டாம் கண்ணுக் கட்டை ஊறி இறுகிக்கும். நேராத் தூக்கினா வராது, இடது பக்கமா ஆட்டித்தான் தூக்கணும். அடுத்து யார் வந்தாலும் சொல்லிடு."

"சொல்றேன்," என்றாள்.

பிரபு மறுபடியும் கண்ணாடியைக் கண்ணில் வைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் ஒயின் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, சட்டையோடும் செருப்போடும் கடலில் குதித்து நீந்தினார். நெடுநேரம் நீந்தினார். மாலுமிகள் அவசரப்படவில்லை, கப்பலை ஒட்டினாற்போலவே அவர் கையும் காலும் அடித்துக்கொண்டிருந்ததால், களைத்த பிறகு கயிறு போட்டுத் தூக்கிக்கொண்டார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வந்த காகிதக் கட்டில் அவர் கையெழுத்துப் போட மறுத்தார், அதற்கடுத்த வாரமும் மறுத்தார். கிராப்ட்ரீ துரை சீமைக்கு எழுதினார். ஆளுநர் ஒரு மாதத்துக்குள் திருப்பி அனுப்பாத காகிதம் கையெழுத்தானதாகக் கொள்ளப்படும் என்று பதில் வந்தது. மதகுக்குப் புது ஆள் வந்தான். செங்கமலம் அவனிடம் இரண்டாம் கண்ணைப் பற்றிச் சொன்னாள். பின்னால் மழை பெய்தது. பிரபு தலை முழுக்க நரைத்து மேலும் இரண்டு வருஷம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அந்தக் காலத்தில் அவர் பெயரில் நூற்றுக்கணக்கான உத்தரவுகள் கரை ஏறின.

கடைசியில் சீமையில் மந்திரிகள் மாறினார்கள். பழைய மந்திரிகளை அடிக்கப் புதியவர்களுக்குக் கம்பு வேண்டியிருந்தது, யாரோ ஒரு மதகுக்காரனின் பெயரைக் கண்டெடுத்தார்கள். பிரபுவைத் திரும்ப அழைத்து அவர்மீது குற்றம் சாட்டினார்கள். அவர் சீமைக்குத் திரும்பியபோது அந்தக் கரை அவரைத் தடுக்கவில்லை, பலகையில் கால் வைத்து மற்றவர்களைப் போல இறங்கி நடந்தார்.

விசாரணைக்காகக் கருங்காலிப்பட்டணத்தில் சாட்சி எழுத ஒரு குமாஸ்தா வந்தான். கேள்வி ஒன்றுதான்: ஆளுநர் எப்போதாவது இந்தக் கரையில் இறங்கினாரா. நாவிதர் இல்லை என்றார், தயிர்க்காரி இல்லை என்றாள், தேசப்பன் இருபத்தொரு தடவையையும் வரிசையாகச் சொல்லி இல்லை என்றான். எழுபத்து நான்காவதாகச் செங்கமலத்தைக் கூப்பிட்டார்கள்.

"எறங்கினாரு," என்றாள்.

குமாஸ்தா எழுதுவதை நிறுத்தினான். மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்த சொக்கப்ப முதலி நிமிர்ந்து பார்த்தார்.

"எப்போது?"

"எங்க வீட்டுக்காரரைத் தூக்குல போட்ட அன்னிக்கு."

முதலி தாழ்ந்த குரலில் சொன்னார்: "அம்மா, நானும் உன் பக்கத்துலதானே நின்னேன். அவர் வரலையே."

"அவர் கையெழுத்து வந்துதா இல்லையா, சாமி?"

"வந்துது."

"அப்போ எறங்கினாருன்னு எழுதச் சொல்லுங்க."

முதலி சுருக்காமல் சொன்னார். குமாஸ்தா அவள் சொன்னபடியே எழுதிவிட்டு, ஓரத்தில், துக்கத்தால் புத்தி பேதலித்தவள் என்று குறித்துக்கொண்டான். அவள் பெருவிரல் வைத்துவிட்டு ஊருக்கு நடந்தாள்.

சபையில் எழுபத்து நான்கு சாட்சியங்களையும் வாசிக்க நான்கு நாள் ஆயிற்று. ஒரு நாட்டில் கால் வைக்காத மனிதர் அந்த நாட்டில் குற்றம் செய்திருக்க முடியாது என்று பிரபுவின் வக்கீல் சொன்னார், எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் அதில் மறுப்பில்லை. கடைசிச் சாட்சியத்தை வாசித்தபோது சபையில் லேசான சிரிப்பு எழுந்தது. பிரபு எழுந்து நின்றார்.

"அந்தப் பெண் சொல்வது உண்மை," என்றார். "மற்ற எழுபத்து மூன்று பேரும் நான் இருந்த இடத்தைச் சொல்கிறார்கள். அவள் நான் செய்ததைச் சொல்கிறாள். நான் இறங்கினேன். அவளை நம்புங்கள்."

சபை கைதட்டத் தொடங்கியது. புத்தி பேதலித்த ஓர் ஏழைப் பெண்ணை அவமானத்திலிருந்து காப்பாற்றத் தன்மேலேயே பழி போட்டுக்கொள்கிற பெருந்தன்மையை இந்த நூற்றாண்டில் கண்டதில்லை என்று தலைவர் சொன்னார். ஒருவர்கூட எதிர்க்காமல் அவரைக் குற்றமற்றவர் என்று தீர்த்தார்கள். அவர் மறுபடியும் பேச வாயெடுத்தார், கைதட்டல் பெரிதாயிற்று. அவர் இன்னும் உரக்கச் சொன்னார், அதற்கும் தட்டினார்கள். வந்து கையைக் குலுக்கினார்கள், தோளைத் தட்டினார்கள், ஒவ்வொருவராக வெளியே போய் வண்டி ஏறினார்கள். பெஞ்சுகள் காலியான பிறகும் அவர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, "நான் இறங்கினேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். மெழுகுவர்த்திகளை அணைக்க வந்த வேலைக்காரன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அவர் பக்கத்தில் இருந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்து, கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு மரியாதையாகச் சொன்னான்.

"எல்லாம் முடிந்துவிட்டது, பிரபுவே. நீங்கள் வீட்டுக்குப் போகலாம்."